ஏழாவது படைவீடு

செப்டம்பர் 12, வியாழன்

உக்கடத்திலிருந்து புதியவர் வந்து சேர்ந்தார். புதியவர் என்றாலும் வயது முப்பதைத் தாண்டும். பழுப்பேறிய பெட்டி, முகப்பில் ஒரு சாவித் துவாரம், டர்போ என்று எழுதிய ஒரு பொத்தான். பழைய சாமான் கடை சிக்கந்தர் பாய் போன் பண்ணியிருந்தார். "ஈஸ்வரிம்மா, ஒரு ஆபீசைக் காலி பண்ணுனாங்க. உடைக்க மனசு வரல. ஒரு எட்டு வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். பார்த்த பிறகு விட்டுவிட்டு வர முடியுமா?

ஆட்டோவிலிருந்து இறக்கும் நேரம் பார்த்து வீட்டுக்காரர், இவர், மோட்டார் பட்டறையிலிருந்து சாப்பிட வந்துவிட்டார். பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, ஆறுதான்னு பேசுனமா இல்லியா?"

"பேசுனமுங்க."

"முருகனுக்கே படைவீடு ஆறு. உனக்கு ஏழு கேக்குதா?"

பேச்சு நானே கொடுத்த பேச்சு. மாடி அறையில் ஆறு பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஆறுக்கும் படைவீடுகளின் பெயரை வைத்திருக்கிறேன். ஏழாவது வந்தால் ஒன்று போக வேண்டும் என்பது ஏற்பாடு. "ஒண்ணு போயிருமுங்க" என்றேன். முனகிக்கொண்டே மானிட்டரை மாடிக்குத் தூக்கி வந்தது அவர்தான். மூச்சு வாங்கியது. மோர் கொடுத்தேன்.

செப்டம்பர் 14, சனி

பெருமாளுக்கு விளக்கேற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பேட்டரி கசிந்து பலகை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. பழைய பல் பிரஷில் வினிகர் தொட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வெயில் படாத இடத்தில் காய வைத்தேன். வீங்கியிருந்த கெபாசிட்டர்களைப் பிடுங்கிப் புதியது பற்ற வைத்தேன். சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் ஒரு பீப் சத்தம். அந்த ஒற்றைச் சத்தம் போதும். முருகா!

இன்றைய வரவு: கம்ப்யூட்டர் ஒன்று. செலவு: வினிகர் முழு பாட்டில், இட்லிக்கு ஊறப் போட மறந்த உளுந்து.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்தது. யார் போவது என்று இன்று முடிவு செய்தாக வேண்டும்.

சுவாமிமலையில்தான் இந்த நாட்குறிப்பைத் தட்டுகிறேன். திருச்செந்தூரில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கிறது. மாரியம்மன் கோயில் அன்னதானச் சீட்டு அதில் அடிக்கிறோம். திருத்தணியில் நானே தட்டுத்தடுமாறி எழுதிய பஞ்சாங்கம் ஓடுகிறது, திதியும் ராகு காலமும் பச்சை எழுத்தில் சொல்லும். பரங்குன்றம் பழைய பிளாப்பி டிஸ்க்குகளைப் பிரதி எடுக்க. சோலை பக்திப் பாட்டுக்கு.

பழனி?

பழனிதான் முதலில் வந்தது. அடுத்த தெரு வசந்தாமணியின் வீட்டுக்காரர் சம்பத் கொடுத்தது. எம்பிராய்டரி மெஷின் வைத்திருந்தார். ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு போய், வந்த வேலையை மறந்து, அவர் திரையில் பூ வரைவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை எனக்கே தூக்கிக் கொடுத்துவிட்டார். "அக்கா, இதோட பிளாப்பி டிரைவுக்கு மாறுகண்ணு. இது எழுதுன டிஸ்க்க இதுதான் படிக்கும், வேற எதுவும் படிக்காது. மத்தபடி தங்கமுங்க." அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. திருகாணியைத் திருப்பி டிரைவை நேராக்கியிருக்கலாம். ஏனோ செய்யவில்லை. ஹார்டு டிஸ்க் செத்த பிறகு கேமராவுக்குப் போடும் மெமரி கார்டை அந்த இடத்தில் மாட்டி ஓட வைத்தேன்.

ஆனால் வேலை என்று பார்த்தால் பழனிக்கு ஒன்றுமில்லை. வேலை செய்யாதது இந்த அறையில் இருக்கக் கூடாது என்பது என் சட்டம். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

செப்டம்பர் 19, வியாழன்

பழனி போயிற்று. மானிட்டரோடு சேர்த்து இவர் ஸ்கூட்டரில் கட்டி எடுத்துப் போனார். "போற வழில பாய்கிட்டப் போட்டர்றேன், நீ அலைய வேண்டாம்" என்றார். அந்தப் பெயரைப் புதியவருக்கு வைத்துவிட்டேன்.

ஒரு பொருள்தானே.

ரசத்தில் உப்பே இல்லையாம்.

செப்டம்பர் 26, வியாழன்

உபரிச் சாமான்களை எண்ணி அடுக்கினேன். கீபோர்டு ஒன்று குறைகிறது. மின்சார ஒயர் ஒன்றும் குறைகிறது. எலிக்கு ஒயர் வேண்டியிருக்கலாம், கீபோர்டு எதற்கு? நான்தான் தப்பாகக் குறித்திருப்பேன்.

பட்டறையில் வேலை அதிகமாம். இவர் தினமும் தாமதமாக வருகிறார். பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கை, இப்போது பார்த்தால் விரல் நுனியெல்லாம் சுத்தமாக இருக்கிறது. நல்ல சோப்பு வாங்கியிருக்கிறார் போல.

அக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி ஆரம்பம். சாப்பிடும்போது இவர் கேட்டார்:

"ஏனம்மிணி, அந்தக் கருப்புத் திரைல ஒண்ணுக்குள்ள போயிட்டா வெளிய எப்படி வர்றது?"

"எதுக்குள்ளங்க?"

"எதுக்குள்ளயோ. சும்மா கேட்டேன்."

எக்ஸிட் என்று அடித்து என்டர் தட்ட வேண்டும், அதற்கும் வராவிட்டால் எஸ்கேப் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் மெஷின்களைப் பற்றி ஒரு கேள்வி! கிண்டல் பண்ணத்தான் கேட்டிருப்பார். இருந்தாலும் இன்னொரு தோசை போட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. மாடி அறையைக் கழுவித் துடைத்தேன். கம்ப்யூட்டருக்குப் பொட்டு எங்கே வைப்பது என்று இவர் விசாரித்தார். பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்தில், சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து ஒரு துளி. காற்றுத் துளையிலும் டிஸ்க் போடும் வாயிலும் படவே கூடாது. "பட்டறைல டிரில்லிங் மெஷினுக்கும் அப்படியேதான் வெக்கோணும்" என்றும் சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 12, சனி

நேற்று எழுதவில்லை. பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது. பேனா முதற்கொண்டு சாமி முன்னால் இருந்தது. இன்று மறுபூஜை முடித்துக் கற்பூரம் காட்டி ஒவ்வொன்றாக எழுப்பினேன். ஆறும் எழுந்தன.

அக்டோபர் 14, திங்கள்

மனசு சரியில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் வசந்தாமணி ஓடி வந்தாள். கையில் ஒரு பிளாப்பி டிஸ்க், அதைக் குழந்தையைப் போல முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள்.

"போச்சுங்க்கா. எல்லாம் போச்சு. சேவல் போச்சு."

சேவல் என்றால் சம்பத்தின் சேவல். எங்கள் தெருக்கோடி தண்டபாணி கோயிலில் சூரசம்ஹாரத்தன்று, சூரன் விழுந்ததும் சேவல் கொடி ஏற்றுவார்கள். அந்தக் கொடியில் இருக்கும் சேவலைத் தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் வரைந்தது சம்பத். அவர்கள் வீட்டுச் சேவலையே பார்த்து வரைந்தார், வந்த வாடிக்கையாளரையெல்லாம் துரத்துமே அதுதான். நாயோடு சண்டை போட்டு அதன் வாலில் ஒரு இறகு ஒடிந்து தொங்கும். அந்த ஒடிந்த இறகையும் விடாமல் வரைந்திருந்தார். பழைய கொடி நைந்துவிட்டதால் இந்த வருடம் புதுக்கொடி. கோயிலில் வசந்தாமணியிடம்தான் கேட்டிருக்கிறார்கள்.

அந்தச் சேவல் இருப்பது இந்த ஒரே டிஸ்க்கில். நகல் எடுத்துத் தருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன். "அவரு கையெழுத்து இருக்குதுங்க்கா" என்று சொல்லி டிஸ்க்கைப் பீரோவிலேயே பூட்டி வைத்திருந்தாள்.

ஆயுத பூஜைக்கு மெஷினோடு டிஸ்க்கையும் வைத்துப் பூஜை செய்திருக்கிறாள். அவர் கையெழுத்தின் மேல் பொட்டு வைக்க மனசு வராமல், டிஸ்க்கின் கீழ்ப்பக்கம் வெள்ளித் தகடு மாதிரி மின்னுகிற இடத்தில் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமமும் வைத்திருக்கிறாள். அதுதான் டிஸ்க்கின் கதவு. மெஷினுக்குள் போட்டதும் கதவு திறந்திருக்கிறது, சந்தனம் உள்ளே இழுபட்டிருக்கிறது, கிர்ர் என்று ஒரு சத்தம். மெஷினின் டிரைவில் படிக்கும் தலையே ஒடிந்து தொங்குகிறது.

"சாமிக்கு வெக்கற பொட்டுங்க்கா. அது கெடுதல் பண்ணுமா?"

"சாமி பண்ணலடி. சந்தனம் பண்ணுச்சு" என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை விரதம். நல்ல நாள் என்று தொடங்கினேன்.

டிஸ்க் பூஜைத் தட்டில் இருந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து எடுத்துவிட்டேன், ஆனால் கை போகவில்லை. பூஜையில் வைத்த பொட்டு. அதை நானே அழிப்பதா? மருதமலை இருக்கிற பக்கம் பார்த்து நின்றுகொண்டே இருந்தேன்.

"அழிங்க்கா" என்றாள் வசந்தாமணி.

"பொட்டுடி."

"எனக்கு அழிச்சப்ப யாரும் இத்தன நேரம் யோசிக்கலீங்க்கா. இதுக்குப் போயி யோசிக்கறீங்க."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அதற்கு மேல் நிற்கவில்லை. துடைத்தேன்.

பிறகு டிஸ்க்கின் பிளாஸ்டிக் மேலோட்டை மெதுவாகப் பிளந்து, உள்ளே இருந்த கறுப்பு வட்டத்தை எடுத்தேன். காகிதம் மாதிரி மெல்லியது. ஒரு ஓரத்தில் சந்தனம் வளையமாகக் காய்ந்திருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்து அலசி, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை அலசி, சாமிக்குச் சாத்த வைத்திருந்த புது மல் துணியில் காய வைத்தேன். முருகன் கோபிக்க மாட்டார். அவருடைய சேவல்தானே.

வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை அசைக்காமல் பார்த்துக்கொண்டாள். காற்றுப்பட்டுப் பறந்துவிடும் என்று பயம்.

அக்டோபர் 18, வெள்ளி

வட்டத்தைப் புது ஓட்டுக்குள் வைத்து மூடினேன். அவர் கையெழுத்துச் சீட்டைப் பழைய ஓட்டிலிருந்து ஆவி காட்டி உரித்து இதில் ஒட்டினேன். எம்பிராய்டரி மெஷினுக்கு என் இருப்பிலிருந்த ஒரு டிரைவை மாட்டினேன். கடையில் வாங்கின பூ டிசைனெல்லாம் அழகாக ஓடுகிறது.

சேவல் மட்டும் வரவில்லை. பரங்குன்றத்தில் போட்டேன், படிக்க முடியவில்லை என்றது. திருத்தணி, அதே. சுவாமிமலை, புதிய பழனி, எல்லாம் அதே.

நான் கழுவியதில் அழிந்துவிட்டதோ?

அக்டோபர் 20, ஞாயிறு

மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது பொறி தட்டியது. கிரைண்டரை நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினேன்.

சேவலைச் சம்பத் வரைந்தது எந்தக் கம்ப்யூட்டரில்? புதியதில் இல்லை. நான் வேடிக்கை பார்த்து நிற்பேனே, அந்தக் காலத்தில். அப்படியென்றால் பழையதில். மாறுகண்காரனில். அது எழுதியதை அதுதான் படிக்கும். எம்பிராய்டரி மெஷினில் ஒடிந்த டிரைவை எடுத்து மறுபடி பார்த்தேன். திருகில் அவர் ஸ்குரூடிரைவர் போட்ட தழும்பு இருக்கிறது. இதையும் அதே கோணலுக்குத் திருப்பி வைத்துத்தான் காலம் ஓட்டியிருக்கிறார் மனுஷன்!

சேவல் அழியவில்லை. நான் கழுவியது தப்பில்லை. அந்தக் கோணலைக் கண் மதிப்பில் வேறொரு டிரைவில் கொண்டுவர என்னால் ஆகாது. படிக்கத் தெரிந்த ஒரே ஆளை நான்தான் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 21, திங்கள்

முதல் பஸ்ஸில் உக்கடம். சிக்கந்தர் பாய் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினார்.

"பாய், போன மாசம் வீட்டுக்காரர் ஒரு பெட்டி கொண்டாந்தாரே, அது இருக்குதுங்களா?"

"நம்மகிட்ட வரலியேம்மா."

"ஸ்கூட்டர்ல கட்டிட்டு வந்தாருங்க."

"ஐயா வந்தாரு. டீ குடிச்சாரு. போயிட்டாரு. பெட்டி எதுவும் எறக்கலியே."

பாவம், உடைத்திருப்பார், என் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வார்? "பரவால்லீங்க பாய்" என்று வந்துவிட்டேன்.

ராத்திரி இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேவல், சந்தனம், மாறுகண், பாய் மறைத்தது எல்லாம். ரசத்தை இவர் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டேன். சமையலறை விளக்கு மங்கல்தானே. இவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய் முற்றத்தில் நின்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

"கெளம்பு அம்மிணி. பட்டறைக்குப் போயிட்டு வரலாம்" என்றார் காலையில்.

"அங்க எனக்கென்னங்க சோலி?"

"வாவேன்."

பட்டறையின் பின்னறையில், காப்பர் ஒயர் சுருள்களுக்கு நடுவே, என் பழைய பெட்ஷீட் போர்த்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. பெட்ஷீட்டை அவரே எடுத்தார்.

என் பழனி. என் கீபோர்டு. என் ஒயர். பக்கவாட்டுத் தகரத்தில், கெட்டியாகக் குழைத்த சந்தனத்தில், ஒரே ஒரு துளிப் பொட்டு. டிஸ்க் போடும் வாய் பக்கம் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"பாய் கடை வரைக்கும் போனனா. அவுத்து எறக்கோணும், அவ்வளவுதான். நீ அன்னிக்கு மாடிப்படில நின்ன நிப்பு நெனப்புக்கு வந்துருச்சு. டீயக் குடிச்சுப்போட்டு வந்துட்டேன்."

"ஆறுதான்னு சொன்னது யாருங்க?"

"வீட்டுக்குள்ள ஆறு. இது பட்டறை."

அவரிடம் கோபம் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். எந்த ஊர் மோட்டார், யாருடையது, எந்த அளவுக் கம்பி என்று வரிசையாக அடித்து வைத்திருக்கிறார். எழுத்துப் பிழை ஏராளம். அதற்கடுத்து ஒரு பாம்பு விளையாட்டு. அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல்தான் அன்றைக்குக் கேட்டிருக்கிறார்!

"இத்தன நாளும் பட்டறைல வேலை எச்சுன்னு சொன்னீங்களே?"

"பாம்பு வளர்றது வேலையில்லியா?"

வசந்தாமணிக்குப் போன் பண்ணினேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள். முருகா என்று சொல்லி டிஸ்க்கைப் போட்டேன். கர்ர் கர்ர் என்று தேடியது. நின்றது. மறுபடி தேடியது. ஒரு இடத்தில் வந்து திணறியது. எங்கே சந்தன வளையம் இருந்ததோ அங்கேதான் என்று எனக்குத் தெரியும். திரும்பப் படி என்று சொன்னேன். திணறியது. திரும்பப் படி. இவர் என் பின்னால் நின்று, மோட்டார் ஓட விடும்போது காதைக் கொடுப்பாரே, அப்படிக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஓடுது, ஓடுது, புடிச்சுருச்சு" என்றார் எனக்கு முன்னால்.

பிடித்துவிட்டது. பட்டியலில் சேவல் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. முழுதாக, ஒரு எழுத்துக் குறையாமல்.

இது எழுதும் டிஸ்க்கை வேறு எதுவும் படிக்காதே? படிக்க வேண்டாம். மெமரி கார்டில் சேமித்து, கார்டைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பரங்குன்றத்தில் மாட்டிப் புது டிஸ்க்குகளில் எழுதினேன். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று கோயிலுக்கு, ஒன்று இவர் பட்டறைக்கு. பெருமைப்பட ஒன்றுமில்லை. எல்லாம் அவன் செயல். ஆனால் பற்ற வைத்ததும் கழுவியதும் என் கை.

அக்டோபர் 24, வியாழன்

மெஷின் தைக்கத் தொடங்கியது. முதலில் கால், பிறகு மார்பு, பிறகு கொண்டை. வசந்தாமணி சேவலைப் பார்க்கவில்லை, வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக வால் வந்தது. ஒவ்வொரு இறகாக வந்து, ஓரத்தில் ஒன்று ஒடிந்து தொங்கியது.

"வந்துட்டான் போக்கிரி" என்றாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. முறுக்குப் பிழிந்து கை வலி. வேறு எழுத நேரமில்லை.

நவம்பர் 7, வியாழன்

சஷ்டி விரதம் முடித்துச் சூரசம்ஹாரத்துக்குப் போனோம். தெரு கொள்ளாத கூட்டம். சூரன் தலை விழுந்ததும் கொட்டு முழங்க, கொடி ஏறியது. காற்றும் நன்றாக வீசியது. சிவப்புப் பட்டில் சேவல் கழுத்தை நீட்டி நின்றது, ஒடிந்த இறகு படபடவென்று அடித்தது. "வெற்றிவேல்" என்று தெருவே கத்தியது. இவர் பக்கத்தில் நின்றவரிடம், "அது எங்க பட்டறைல இருந்து வந்த சேவலுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பட்டறையாம்! நான் திருத்தவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

பட்டறையிலிருந்து மாறுகண்காரன் வீட்டுக்கு வந்தாயிற்று. மானிட்டரை இவர்தான் தூக்கி வந்தார். முனகவில்லை.

"பழனிங்கற பேரை வேறொருத்தருக்குக் குடுத்துட்டேனுங்க. இதுக்குப் பேரில்ல" என்றேன்.

ஜன்னலைத் திறந்தார். எதிரே மருதமலை, கோபுரம் வெயிலில் தெரிந்தது. "ஊர்ல எல்லாரும் அதை ஏழாவது படைவீடுன்னுதான் சொல்றாங்க. நம்மூட்டுக்கு மட்டும் ஆறு போதுமா?" என்றார், ஆறுதான் என்று சட்டம் போட்டதே வேறு யாரோ என்கிற மாதிரி.

மருதமலை. திருச்செந்தூரில் பெயரை அடித்து, சீட்டைக் கத்தரித்து ஒட்டினேன். அதற்கு வேலையும் இருக்கிறது: வசந்தாமணியின் பீரோவில் சம்பத் எழுதிய டிஸ்க்குகள் இன்னும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றனவாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சந்தனம் குழைத்து, குங்குமச் சிமிழைத் திறந்தேன். பிறகு அவளிடம் நீட்டினேன்.

"நானுங்களா?"

"நீதான் வெக்கோணும். எங்க வெக்கறதுன்னு இப்பத்தான் உனக்குத் தெரியுமே."

பக்கவாட்டுத் தகரத்தில், அளவாக, ஒரு துளி வைத்தாள். மேலே குங்குமம். விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத் துடைக்க நான் துணி தேடப் போனேன். திரும்பி வந்தபோது அவள் விரல் சுத்தமாக இருந்தது. எங்கே துடைத்தாள் என்று நான் கேட்கவில்லை. நெற்றியைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவளுக்கு அது நன்றாக இருந்தது.

சுவிட்சைப் போட்டேன். ஒற்றை பீப்.

ஏழும் ஓடுகின்றன.